இரவல் பெயர் ஃப்ளெச்சர்

“ஆளைப் பார்த்தா மானிப்பாய்த் தமிழன். பேர் ஃப்ளெச்சர். உதெப்பிடி?”

தவமணி மேடம் கேட்ட முதல் கேள்வியே அதுதான். வணக்கம் இல்லை, சுகமா என்று கேட்கவும் இல்லை. மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவன் நிமிர்ந்து பார்த்தான். இடது கன்னம் முழுக்கப் பழைய தீக்காயம். மிச்ச முகத்தைத் தாடி மூடியிருந்தது. அதில் குடும்பச் சாடை தேடுவதென்றால் தேடுகிறவருக்குத்தான் கண் வலிக்கும்.

மேடத்துக்குப் பக்கத்தில் குளிரில் கையைத் தேய்த்துக்கொண்டிருந்தவன் நான், சுந்தர். கோயம்புத்தூரிலிருந்து கம்ப்யூட்டர் படிக்க டொராண்டோ வந்தேன். படிப்பு என்னைக் கைவிட்டது. ஸ்கார்பரோவில் தனியார் துப்பறியும் அலுவலகம் நடத்தும் தவமணி மேடம் கைதூக்கிவிட்டார். அன்று முதல் அவருக்குக் காரோட்டுவதும் நான்தான், திட்டு வாங்குவதும் நான்தான்.

வந்த விஷயம் இது. பார்க்டேலில் குடியிருக்கும் யூஜினி ஃப்ளெச்சருக்கு ஒரே தம்பி, ஜெபநேசன். பதினான்கு வயதில், தேவாலயத்தில் வளர்ந்த பிள்ளைகளை முழுச் சபையாராக ஏற்கும் திடப்படுத்தல் ஆராதனை முடிந்த அடுத்த மாதம், சைக்கிளை எடுத்துக்கொண்டு இயக்கத்தில் சேர வீட்டைவிட்டுப் போனவன் திரும்பவே இல்லை. பன்னிரண்டு வருடம் கழித்து, போன வாரம், விமான நிலையத்தில் இறங்கிய ஒருவன் “நான்தான் ஜெபநேசன் ஃப்ளெச்சர், என் அக்கா இந்த ஊரில் இருக்கிறாள்” என்றான். அவனைக் கொண்டுவந்து மிசிசாகாவில் இந்தத் தடுப்பு விடுதியில் போட்டுவிட்டார்கள். இன்று மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, இதே கட்டிடத்தில் விசாரணை. அங்கே யூஜினி வேதப் புத்தகத்தில் கைவைத்து, இவன் என் தம்பிதான் என்று சொல்ல வேண்டும்.

சொன்னால் அவன் வெளியே வருவான். சொல்லாவிட்டால் கொழும்புக்கு விமானம். இந்த 1996-இல், தீக்காயத்தோடு கொழும்பில் இறங்கும் தமிழ் இளைஞனுக்கு யார் மாலையோடு காத்திருப்பார்கள்?

“ஓம் எண்டு சொல்ல ஆசையாத்தான் இருக்கு” என்று நேற்று எங்கள் அலுவலகத்தில் யூஜினி சொல்லியிருந்தாள். “ஆனா இவன் வேற ஆளா இருந்து, நாளைக்கு என்ர தம்பி உயிரோட வந்து நிண்டா? அவன் ஆரின்ர பேரில வாறது? அவன்ர பேரை நானே இன்னொருத்தனுக்குத் தூக்கிக் குடுத்திருப்பனே!”

“ஏன் சந்தேகம்? எதையாவது தப்பா சொல்றானா?” என்று கேட்டேன்.

“ஒண்டையும் பிழைவிடேல்லை. அதுதான் பயமா இருக்கு. நாயின்ர பேர் சொல்லுறான். அம்மா பாடுற கீர்த்தனை சொல்லுறான். நான் கிணத்தடியில வழுக்கி விழுந்தது எனக்கே மறந்துபோச்சு, அவன் சொல்லுறான். சொந்தத் தம்பிமாருக்கு இவ்வளவு ஞாபகம் இருக்கிறேல்லை.”

இருந்த புகைப்படங்கள் வீட்டோடு எரிந்துவிட்டன. அப்பா அம்மா இருவரும் உயிரோடு இல்லை. இரத்தப் பரிசோதனைக்கு வாரக்கணக்கில் ஆகும். எங்களிடம் இருந்தது ஒரு காலைப்பொழுது.

அதனால்தான் மேடம் நாயையும் கிணற்றையும் தொடவில்லை. அக்கா கேட்கக்கூடியதற்கெல்லாம் அவன் தயாராக இருப்பான். ஆனால் இந்த ஊரில் பேரைப் பார்த்த எவனும் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. அந்தக் குடும்பத்தில் பிறந்தவன் அதை ஆயிரம் தடவை கேட்டிருப்பான், பதிலும் வாயிலேயே இருக்கும்.

இருந்தது. அவன் யோசிக்கவேயில்லை.

“அமெரிக்கன் மிசன் பள்ளிக்கூடம் நடத்தின காலத்தில வந்த பேர். வழியில்லாத வீட்டுப் பெடியளை எடுத்து, தங்கவைச்சுப் படிப்பிச்சவை. அமெரிக்காவில ஆரும் ஒருத்தர் ஒரு பெடியன்ர செலவைப் பொறுப்பெடுத்தா, அந்த ஆளின்ர பேரைப் பெடியனுக்கு வைப்பினம். எங்கட பூட்டனாரைப் பொறுப்பெடுத்தது ஒரு ஃப்ளெச்சர் அம்மா. அவ எங்களைக் கண்டதுமில்லை, நாங்கள் அவவைக் கண்டதுமில்லை.” சொல்லிவிட்டுச் சிரித்தான். “ஃப்ளெச்சர் எண்டா அந்தக் காலத்தில அம்பு செய்யிற ஆளாம். நாங்கள் ஒரு வில்லைக்கூடத் தொட்டதில்லை.”

மேடம் நன்றி சொல்லி எழுந்துவிட்டார். எனக்கு அவன் சிரிப்புப் பிடித்திருந்தது. பொய்யன் மாதிரி அவன் சிரிக்கவில்லை.

சாலைக்கு எதிரே டோனட் கடை. அங்கேதான் யூஜினி காத்திருந்தாள். விமானத்துக்குச் சாப்பாடு கட்டும் சமையற்கூடத்தில் வேலை. சீருடையைக் கழற்றக்கூட நேரமில்லாமல் வந்திருந்தாள். மேடம் அவளிடம் போக, நான் சுவரோரத் தொலைபேசியில் காசு போட்டு அபர்ணாவைப் பிடித்தேன். அபர்ணா எங்கள் ஊர்ப் பெண், பல்கலைக்கழக நூலகத்தில் பகுதிநேர வேலை. அவளிடம் பேச எனக்குக் காரணம் கிடைப்பதே அபூர்வம்.

“ஆங்கிலேயக் குடும்பப் பேர் அகராதியா? காதலர் தினத்துக்கு இப்படி ஒரு போனா?” என்றாள். ஆனாலும் புத்தகத்தை எடுத்துவந்தாள். “ஃப்ளெச்சர்னா அம்பு செய்றவன். ஆமா, கரெக்ட். பிரெஞ்சுலேர்ந்து வந்தது. அப்பல்லாம் இங்கிலீஷ்காரனுக்கும் நம்மள மாதிரி ஒத்தைப் பேருதான் சுந்தர். ஊருக்குள்ள நாலு ஜான் இருந்தா, அம்பு செய்ற ஜான், மாவரைக்கிற ஜான்னு சொல்லி வச்சிருக்காங்க. போகப்போக அது அப்பன்கிட்டேர்ந்து பிள்ளைக்கு ஒட்டிக்கிச்சு. வில்லு போயி பீரங்கி வந்தாச்சு, பேரு மட்டும் போகல.”

“மிஷன்காரங்க பசங்களுக்குப் பேர் வச்சது?”

“அதுவும் நிஜம். யாழ்ப்பாண மிஷன் பத்தி இன்னொரு புத்தகம் இருக்கு, நானே படிச்சிருக்கேன்.”

துள்ளிக்கொண்டு மேசைக்கு வந்தேன். “மேடம், அவன் சொன்னது அத்தனையும் உண்மை!”

யூஜினியின் முகம் மலரும் என்று நினைத்தேன். அவள் முகம் சுருங்கியது.

“என்ன உண்மை? தர்மத்துக்குப் படிச்ச பெடியனோ? ஆர் சொன்னது?” காப்பிக் கோப்பையை டக்கென்று வைத்தாள். “நாங்கள் கப்டன் ஃப்ளெச்சரின்ர பரம்பரை. நிலம் அளக்க வந்த வெள்ளைக்காரக் கப்டன். மானிப்பாயில குதிரையால விழுந்து கால் முறிஞ்சவர். பத்துப் போட்டுப் பார்த்த வைத்தியரின்ர மகளைக் கட்டினவர். எங்கட அப்பா ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டு மேசையில சொல்லாத கிழமை இல்லை. இந்த மூக்கைப் பாருங்கோ, இது கப்டன்ர மூக்கு!”

மூக்கைப் பார்த்தேன். கோயம்புத்தூரில் என் சித்தப்பாவுக்கும் அதே மூக்குதான்.

அந்த வீட்டில் வளர்ந்த பிள்ளை, வாரம் தவறாமல் கேட்ட கப்டன் கதையைத்தானே சொல்லியிருக்க வேண்டும்? அவன் சொன்னது புத்தகத்தில் இருக்கும் கதை. அப்படியானால் வீட்டில் கற்றவன் அல்ல, எங்கேயோ படித்துவிட்டு வந்தவன். ஓவராகப் படித்து மாட்டிக்கொண்டான்.

யூஜினிக்கும் அது புரிந்துவிட்டது. “அப்ப இவன் இல்லை” என்றாள் மெதுவாக. “நான் உள்ளுக்குப் போய் இல்லையெண்டு சொல்லவோ?”

“பொறுங்கோ பிள்ளை” என்றார் மேடம். “உங்கட அப்பாவோட கூடப்பிறந்தவை ஆரும் இஞ்சை இருக்கினமோ?”

“செலீன் மாமி பிக்கரிங்கில இருக்கிறா. ஆனா தம்பி பிறக்க முன்னமே லண்டனுக்குப் போனவா. அவனைக் கண்டதேயில்லை.”

“அவனைக் காணாட்டிப் பரவாயில்லை. கப்டனைக் கண்டிருப்பா.”

நகரத்தின் மேற்கு மூலையிலிருந்து கிழக்கு மூலைக்கு, பனி கொட்டும் 401 நெடுஞ்சாலையில், ஹீட்டர் செத்துப்போன காரில் பறந்தோம். பறந்தோம் என்று எழுதுவது என் உரிமை. பக்கத்தில் ஓடிய லாரிக்காரன் வேறு மாதிரி சொல்வான்.

செலீன் மாமி வீடு புத்தம் புதிது. கம்பளத்தில் கால் வைக்கவே கூச்சமாக இருந்தது. கூடத்தில் பெரிய சட்டத்துக்குள் ஒரு வெள்ளைக்கார அதிகாரி குதிரைமேல் விறைப்பாக உட்கார்ந்திருந்தார்.

“அதுதான் எங்கட கப்டன்” என்றார் மாமி, நாங்கள் கேட்பதற்கு முன்பே.

கும்பிடு போடுகிற மாதிரி கிட்டப் போய்ப் பார்த்தேன். சட்டத்தின் கீழ் மூலையில், வீட்டு வாசலில் பழைய சாமான் விற்கும் கராஜ் சேலில் ஒட்டும் ஆரஞ்சு நிற விலைச் சீட்டு பாதி கிழிந்து ஒட்டிக்கொண்டிருந்தது. மேடத்துக்குக் கண்ணைக் காட்டினேன். அவர் அதை எப்போதோ பார்த்துவிட்டிருந்தார்.

“அன்ரி, எங்களுக்கு நேரமில்லை” என்றார் மேடம். “யூஜினியின்ர தம்பி எண்டு ஒருத்தன் வந்திருக்கிறான். அவன் கப்டனைப் பற்றிக் கதைக்கேல்லை. அமெரிக்க அம்மா ஒருத்தியைப் பற்றிக் கதைச்சவன்.”

மாமி எழுந்து போய்க் சமையலறைக் கதவைச் சாத்தினார். உள்ளே மருமகள் பாத்திரம் கழுவும் சத்தம் நின்றுபோனது. திரும்பி வந்து, எங்களுக்கு மிக அருகில் உட்கார்ந்தார்.

“மெதுவாக் கதையுங்கோ” என்றார். “அது மகன்மாருக்கு மட்டும் சொல்லுற கதை. திடப்படுத்தல் முடிஞ்ச அண்டைக்கு, தகப்பன் மகனை அறைக்குள்ள கூட்டிக்கொண்டுபோய்ச் சொல்லுவார். பேரைக் கொண்டுபோறது அவன்தானே, அவனுக்குத் தெரியவேணும். பொம்பிளையளுக்குச் சொல்லுறேல்லை. கட்டிக்குடுக்கிற இடத்தில வாய் தவறிச் சொன்னா, தர்மச்சோறு திண்ட பரம்பரை எண்டு ஊர் சிரிக்கும். என்ர அண்ணருக்கு ஐயா சொல்லேக்க, நான் கதவுக்குப் பின்னால நிண்டு கேட்டனான். இண்டுவரைக்கும் என்ர புருசனுக்கே சொல்லேல்லை.”

“யூஜினியின்ர அப்பா தன்ர மகனுக்குச் சொல்லியிருப்பாரோ?”

“சொல்லாமல் விடமாட்டார். அவன்தானே ஒரே ஆண்பிள்ளை.”

காருக்கு வந்ததும் ஸ்டீயரிங்கை ஒரு தட்டுத் தட்டினேன். “ஜெயிச்சாச்சு மேடம்! மகனுக்கு மட்டும் தெரிஞ்ச ரகசியம் அவனுக்குத் தெரிஞ்சிருக்கு. அவன்தான் தம்பி. யூஜினி அக்கா இல்லைன்னு சொல்றதுக்குள்ள போயிடணும்!”

“ஓட்டும்” என்றார். அவர் குரலில் வெற்றியே இல்லை.

பாதி வழியில் ஒரு லாரி குறுக்கே வழுக்கி நின்று, மூன்று தடத்திலும் வண்டிகள் ஊர்ந்தன. துடைப்பான் பனியைத் தள்ள, பனி மறுபடி விழ, நான் கடிகாரத்தைப் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். யூஜினியிடம் கைத்தொலைபேசி கிடையாது. நாங்கள் வராவிட்டால் அவள் தன் மனதுக்குப் பட்டதைச் சொல்லிவிடுவாள். அது ‘இல்லை’ என்பதாக இருந்தால் ஓர் உயிர் போகும்.

“சுந்தர், மாமி ஏன் கதவைச் சாத்தினவா?”

“மருமக காதுல விழக்கூடாதுன்னு. வெக்கம்.”

“ஓம். எழுபது வயசு, பிக்கரிங்கில மாளிகை, ஆனாலும் அந்த வெக்கம் போகேல்லை. கப்டனைக் காசு குடுத்து வாங்கிச் சுவரில கொழுவி வைச்சிருக்கிறா. இப்ப அந்தப் பெடியனை யோசியும். முன்பின் தெரியாத எங்களுக்கு, கேட்ட உடனே, சிரிச்சுக்கொண்டு சொன்னவன்.”

நான் திரும்பி அவரைப் பார்த்தேன்.

“கதையை இரவல் வாங்கலாம்” என்றார் மேடம். “வெக்கத்தை இரவல் வாங்கேலாது.”

“காடு, ஜெயில்னு பன்னிரண்டு வருஷம் அலைஞ்சவனுக்கு வெக்கம் எங்க மேடம் மிஞ்சியிருக்கும்?” அவன் தம்பியாகவே இருந்துவிட வேண்டும் என்று மனது அடித்துக்கொண்டது. அதை மறைக்க நான் முயலவும் இல்லை.

“நீர் சொல்லுறதும் சரி. அதுதான் இன்னும் ஒரு கேள்வி மிச்சமிருக்கு.”

விசாரணை அறைக்கு வெளியே, தாழ்வாரத்து நாற்காலிகளில் அவர்கள் இருந்தார்கள். காவலர் சற்றுத் தள்ளிக் கதவருகே நின்றார். யூஜினி ஓர் ஓரம், அவன் மறு ஓரம், நடுவில் இரண்டு காலி நாற்காலிகள். எங்களைக் கண்டதும் யூஜினி எழுந்தே விட்டாள். மேடம் அவளைக் கையமர்த்திவிட்டு, அவனுக்கு முன்னால் குனிந்தார்.

“தம்பி, ஒண்டே ஒண்டு. அந்த அமெரிக்க அம்மான்ர கதை உங்கட அக்காவுக்கு ஏன் தெரியாது?”

அவன் திகைத்து யூஜினியைப் பார்த்தான். “அக்காவுக்குத் தெரியாதோ?”

சொன்ன கணமே அவனுக்குப் புரிந்துவிட்டது. உதட்டைக் கடித்தான். ஆனால் வாயை விட்டுப் போனது போனதுதான்.

“அது மகன்மாருக்கு மட்டும் சொல்லுற கதை” என்றார் மேடம். அவர் குரல் அதட்டவில்லை. “அக்கா தங்கச்சிக்குக்கூடச் சொல்லாதே எண்டு சொல்லித்தான் தகப்பன் சொல்லுவார். ஜெபநேசன் உங்களுக்குக் கதையைச் சொன்னவன். அதுக்குப் போட்ட பூட்டைச் சொல்ல மறந்திட்டான். நேசன் எங்கை?”

யூஜினி சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

“மொஸ்கோவில” என்றான். “கனடாவுக்கு அனுப்புறன் எண்டு காசு வாங்கின ஏஜென்சிக்காரன் எங்களை ஒரு வீட்டுக்குள்ள விட்டுப் பூட்டிப்போட்டுப் போயிட்டான். நல்ல குளிர். நேசனுக்கு நெஞ்சுச் சளி, காய்ச்சல். டொக்டரைக் கூப்பிட்டா எல்லாரும் பிடிபடுவம் எண்டு மற்றவை விடேல்லை. அவன் படுத்திருந்து வீட்டுக் கதை எல்லாம் எனக்குச் சொன்னவன். நாய், கிணறு, அம்மான்ர பாட்டு. சொல்லிச் சொல்லி வீட்டுக்குப் போயிட்டு வாறன் எண்டு சொல்லுவான். கடைசியாத்தான் பேர்க் கதை சொன்னவன். ‘உனக்கு ஒருத்தரும் இல்லை, எனக்குக் கனடாவில அக்கா இருக்கிறா, என்ர பேரைக் கொண்டு போ. இது முதலே எங்கட பேர் இல்லையடா. எங்களைத் தெரியாத ஒரு மனுசி தந்தது. நான் உனக்குத் தாறன்’ எண்டவன்.”

கடைசிச் சொற்கள் வரும்போது அவன் தலை முழங்காலைத் தொட்டுவிட்டது. காலையில் அந்தச் சிரிப்பை ஏன் நம்பினேன் என்று இப்போது புரிந்தது. இறந்தவன் தந்ததைச் சொல்லும்போது அவனுக்கு வெட்கப்பட எதுவுமே இல்லை. ஃப்ளெச்சர் வீட்டார் மூன்று தலைமுறையாகக் கப்டன் கதை சொல்லி மறைத்ததை, இவன் ஒருவன்தான் பெருமையாகச் சுமந்து வந்திருக்கிறான்.

யூஜினி அழவில்லை. அது என்னை இன்னும் பயமுறுத்தியது. “எங்கை தாட்டனியள்? எந்த மண்ணுக்குள்ள?” என்று கேட்டாள்.

“ஊருக்கு வெளியில ஒரு காட்டில. நிலம் இறுகிப்போய்க் கிடந்தது. நானும் இன்னொரு பெடியனும் விடியும் மட்டும் கிண்டினனாங்கள்.”

“ஆரும் ஜெபம் பண்ணினவையோ?”

“எங்களுக்கு உங்கட ஜெபம் தெரியாது அக்கா.” அவன் தலையைத் தூக்கவில்லை. “எனக்குத் தெரிஞ்சது தேவாரம்தான். அதைப் பாடினனான்.”

அப்போதுதான் அவள் உடைந்தாள். முகத்தைப் பொத்திக்கொண்டு அந்தக் காலி நாற்காலியில் உட்கார்ந்து, சத்தமே வராமல் குலுங்கினாள். பன்னிரண்டு வருடமாக வாசலைப் பார்த்திருந்த பெண் அவள். மேடம் அவள் தோளில் கை வைத்துக்கொண்டு நின்றார். காவலர் எங்கோ பார்த்தார்.

கொஞ்ச நேரம் கழித்து மேடம் குனிந்து சொன்னார். “பிள்ளை, இப்ப என்ன செய்யிறது எண்டு நீங்கள்தான் முடிவெடுக்கவேணும். தம்பி எண்டு சொன்னா அது பொய்ச் சத்தியம். நான் கூட நிக்கமாட்டன். உண்மையைச் சொன்னா, இவர் பேரை மாத்தி வந்தவர் எண்டு திருப்பி அனுப்பவும் கூடும், தானாவே ஒத்துக்கொண்டவர் எண்டு கேக்கவும் கூடும். எது நடக்கும் எண்டு எனக்குத் தெரியாது.”

யூஜினி சீருடைக் கையால் முகத்தைத் துடைத்தாள்.

“உம்மட பேர் என்ன?” என்று அவனைக் கேட்டாள்.

எத்தனை நாளாக அந்தக் கேள்விக்கு வேறு பதில் சொல்லியிருப்பான்.

“கேதாரநாதன்.”

“தகப்பன்ர பேர்?”

“செல்லத்துரை.”

அறைக் கதவு திறந்தது. உள்ளிருந்து ஓர் அதிகாரி எட்டிப் பார்த்து, கையிலிருந்த கோப்பைப் புரட்டி, “ஃப்ளெச்சர்?” என்று கூப்பிட்டார்.

கேதாரநாதன் எழவில்லை. அந்தப் பெயருக்கு எழ இனி அவனுக்குக் கால் வரவில்லை.

எழுந்தவள் யூஜினி. “நான்தான் ஃப்ளெச்சர்” என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, குனிந்து அவன் முழங்கையைப் பிடித்துத் தூக்கினாள்.

“எழும்பும் கேதாரநாதன். என்ர தம்பியைத் தாட்டது நீர் எண்டு சொல்லத்தான் நான் உள்ளுக்கு வாறன்.”